கயிறு யார் கையில்?

முன்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். வீக்கெண்ட் ட்ரிப் மேல எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. கடல் மேலயும் கிடையாது. கோபமெல்லாம் வேற ஒரு விஷயத்து மேல. படிங்க, தெரியும்.

எங்க ஆபீஸ்ல ஒரு எக்செல் ஷீட் சுத்திக்கிட்டு இருக்கு. பேரு 'கோவளம் வீக்கெண்ட்'. (கேரளா கோவளம் இல்லீங்க, நம்ம கேளம்பாக்கம் பக்கத்து கோவளம்.) சனிக்கிழமை காலைல சர்ஃபிங். சாயங்காலம் பார்பெக்யூ. ஞாயித்துக்கிழமை விடியக்காலைல படகுல போய் ஃப்ரீடைவிங். மத்தியானம் வஞ்சிரம் வறுவலோட சாப்பாடு. ராத்திரிக்குள்ள வீடு. பதினாலு பேர் பேர் கொடுத்திருக்காங்க. யார் கார், யார் வெஜ், டி-ஷர்ட் சைஸ் என்ன, கோப்ரோ யார் கொண்டு வர்றது, யார் கூட யார் ரூம்... மொத்தம் பதினோரு கட்டம் இருக்கு அந்த ஷீட்ல. 'நீச்சல் தெரியுமா?'ன்னு ஒரு கட்டம் இல்லை.

ஒருத்தர்கிட்ட கேட்டேன். "அதெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் பாத்துப்பாரு ப்ரோ, லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க"ன்னு பதில் வந்துச்சு. ஃப்ரீடைவிங்குக்கு லைஃப் ஜாக்கெட்! மிதக்க வைக்கிற சட்டையைப் போட்டுக்கிட்டு எப்படிய்யா முங்குவ?

இது எங்க ஆபீஸ் கதை மட்டும் இல்லை. ஓஎம்ஆர்ல எந்தக் கட்டடத்துக்குள்ள வேணும்னாலும் போய்ப் பாருங்க, இதே மாதிரி ஒரு ஷீட் இருக்கும். கோவிலம்பாக்கத்துல இருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம்னு விடியக்காலைல வண்டியை விட்டா ஒரு மணி நேரத்துல கோவளம் வந்துடும். அதான் பிரச்சினையே. மலைக்குப் போகணும்னா ஷூ, கயிறு, கைடுன்னு யோசிக்கிற நம்ம ஆளுங்க, கடலுக்குப் போக மட்டும் டவல் எடுத்தா போதும்னு நினைக்கிறாங்க. பக்கத்துல இருக்குல்ல, அதனால நமக்குப் பழக்கமாம்.

முதல்ல ஃப்ரீடைவிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. முதுகுல சிலிண்டர் கிடையாது. மேல ஒரு மூச்சு எடுத்து, அதை அடக்கிக்கிட்டு கீழ போய், அதே மூச்சுல மேல வர்றது. கேக்க சுலபமா இருக்கு. ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. எஞ்சினியரிங் படிச்ச கூட்டம்தானே நாம, கொஞ்சம் கவனமா கேளுங்க.

மூச்சை அடக்கினா கொஞ்ச நேரத்துல "விடு விடு"ன்னு நெஞ்சு துடிக்குது இல்லையா? ஆக்சிஜன் தீர்ந்து போச்சுன்னு உடம்பு சொல்றதா நாம நினைக்கிறோம். கிடையாது. அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்ததால வர்ற துடிப்பு. ஆக்சிஜன் குறையுறதை உடம்பு அவ்வளவு சத்தமா சொல்லாது.

இப்போ யூட்யூப் பாத்துட்டு ஒருத்தர், தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு இருபது முப்பது தடவை வேகமா மூச்சு வாங்குறாரு. ஆக்சிஜனை ஸ்டாக் பண்றாராம். உண்மைல ரத்தத்துல ஆக்சிஜன் பெருசா ஏறாது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் வெளிய போயிடும். அதாவது அலாரத்தோட ஒயரை அவரே பிடுங்கிட்டாரு. வண்டில பெட்ரோல் அதே அளவுதான் இருக்கு, முள் மட்டும் உடைஞ்சு போச்சு. நல்லா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே இருப்பாரு, திடீர்னு சுவிட்ச் ஆஃப். மூச்சுத் திணறல் கிடையாது, கை கால் உதறல் கிடையாது, கத்தல் கிடையாது. பாக்குறவங்களுக்கு "சும்மா முங்கி விளையாடறான்"னுதான் தோணும்.

ஆழமான கடல்ல இன்னொரு வில்லங்கமும் சேருது. பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. அந்த அழுத்தத்துல, மிச்சம் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனே மூளைக்குப் போதுமானதா இருக்கும். மேல ஏற ஏற அழுத்தம் பாதியாகும், ஆக்சிஜனோட பகுதி அழுத்தமும் கூடவே சரியும். அதனாலதான் பெரும்பாலான மயக்கம் கீழ வர்றதில்லை. மேல வரும்போது, கடைசி சில மீட்டர்ல, வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்போது வருது. சில சமயம் தலை வெளிய வந்து மூச்சு இழுத்த பிறகும் வருது.

இதுக்கு ஆழ்கடல் கூட வேண்டாம். அபார்ட்மெண்ட் நீச்சல் குளம் போதும். நாலடித் தண்ணி. "ட்ரிப்புக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பிடிச்சுக் காட்டறேன்"னு ராத்திரி பத்து மணிக்கு யாரும் இல்லாத குளத்துல தனியா பயிற்சி எடுக்கிற ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவே. தயவு செஞ்சு வேண்டாம். தனியா வேண்டவே வேண்டாம்.

"நான் அப்படி ஒண்ணும் பெரிய ஆழம் போகலை"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு பேரு சொல்றேன். நதாலியா மொல்சனோவா. ரஷ்யாக்காரர். 2013-ல அசையாம மூச்சடக்கி 9 நிமிடம் 2 விநாடி இருந்தவர். 101 மீட்டர் ஆழம் போய் வந்தவர். இந்த விளையாட்டுல அவரைத் தாண்டி ஒரு பேரு சொல்றது கஷ்டம். 2015 ஆகஸ்ட் 2, ஸ்பெயின் நாட்டு ஃபார்மென்டெரா தீவுப் பக்கம், போட்டி கீட்டி எதுவும் இல்லாம சாதாரணமா ஒரு முங்கு. அவர் தரத்துக்கு ஒண்ணுமே இல்லாத 30, 40 மீட்டர். திரும்ப வரலை. உடலும் கிடைக்கலை. கடலுக்கு நம்ம ரெஸ்யூமே தெரியாதுங்க.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கெதுக்குன்னு இன்னொரு கோஷ்டி கிளம்பி வரும். பின்னூட்டத்துல எப்படியும் வந்துடுவீங்க, அதனால இங்கயே சொல்லிடறேன். நமக்குத்தாங்க இது பழசு!

கொற்கை முத்து கொற்கை முத்துன்னு பெருமை பேசறோமே, அந்த முத்து என்ன, தானா கரை ஏறி வந்துச்சா? மன்னார் வளைகுடாவுல ஒரு மூச்சுல முங்கி எடுத்தாங்க. தூத்துக்குடி, கீழக்கரை ஆளுங்க. சிலிண்டர் இல்லை, ஃபின்ஸ் இல்லை, கோர்ஸ் முடிச்ச சர்டிபிகேட் இல்லை. 1961-ல நடந்த முத்துக்குளிப்புதான் அங்க கடைசி. சங்கு குளிக்கிறது அதுக்கப்புறமும் தொடர்ந்துச்சு. இன்னிக்கும் பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் மூச்சடக்கி முங்கித்தான் கடல்பாசி எடுக்கிறாங்க. 1986-ல மன்னார் வளைகுடாவை தேசியப் பூங்காவா அறிவிச்சதுல இருந்து, தீவுப் பக்கம் போகக் கூடாதுன்னு வனத்துறையோட அவங்களுக்கு ஓயாத போராட்டம். அவங்கள்ல ஒருத்தரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல சீகாலஜி பரிசுன்னு ஒரு சர்வதேசப் பரிசு கொடுத்தாங்க. நம்ம வீக்கெண்ட் கோஷ்டில எத்தனை பேருக்கு இந்தப் பேரு தெரியும்? அவங்க செஞ்சா பொழப்பு, நாம செஞ்சா ஃப்ரீடைவிங். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். அந்த முத்துக்குளிப்பை எப்படிச் செஞ்சாங்கன்னு பழைய குறிப்புகள்ல விலாவாரியா இருக்கு. ஒரு கனமான கல், பதினஞ்சு இருபது கிலோ இருக்கும், அதுல ஒரு கயிறு. குளிக்கிறவர் கல்லு மேல காலை வெச்சு சர்ருன்னு கீழ போவார். கூடையில சிப்பியை அள்ளுவார். ஒரு நிமிஷம், கொஞ்சம் கூடுதலா இருப்பார். கயிறை ஒரு இழு இழுப்பார். மேல படகுல நிக்கிறவர் உடனே தூக்குவார். ஒரு கல்லுக்கு ரெண்டு பேர், முறை வெச்சு. ஒருத்தர் இறங்கினா இன்னொருத்தர் மேல ஓய்வு.

கவனிச்சீங்களா? இன்னிக்கு ஃப்ரீடைவிங் வகுப்புல ஆயிரக்கணக்குல பணம் வாங்கிட்டு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற விதி இதுதான்: ஒருத்தர் கீழ, ஒருத்தர் மேல, நடுவுல கயிறு. ரெண்டு முங்குக்கு நடுவுல, முங்கின நேரத்தைப் போல ரெண்டு மடங்காவது ஓய்வு. மேல வந்த பிறகும் அரை நிமிஷம் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே. இதை நம்ம ஆளுங்க எந்த ஏஜென்சியும் சொல்லாமலே செஞ்சிருக்காங்க.

அந்தக் கயிறைப் பிடிக்கிற ஆள் யாருன்னு ஒரு விஷயம் சொல்வாங்க. கூலிக்கு யாரையோ பிடிச்சு நிறுத்த மாட்டாங்களாம். மச்சான்தான் பிடிப்பாராம். பெண்டாட்டியோட கூடப்பிறந்தவர். ஏன்? அவர் அசந்து போய் கயிறை விட்டா தாலி அறுக்கப் போறது அவர் தங்கச்சி. இதை விடப் பெரிய பாதுகாப்பு ஒப்பந்தம் எந்த வக்கீலாவது எழுத முடியுமா? (நாம என்னடான்னா 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பில்லை'ங்கற ஃபார்ம்ல படிக்காம கையெழுத்துப் போட்டுட்டு செல்ஃபி எடுக்கிறோம். அந்தக் காலத்துல சுறாவை மந்திரத்தால கட்டறதுக்கு கடல்கட்டின்னு ஒருத்தர் கரையில உக்காந்திருப்பாராம். அந்த ஃபார்முக்கும் அதே சக்திதான்.)

சர்ஃபிங் கதையும் இதேதான். சென்னைக்குத் துறைமுகம் கட்டறதுக்கு முன்னாடி கப்பல் தூரத்துல நிக்கும். ஆளுங்களையும் சரக்கையும் மசூலா படகுல ஏத்தி, அலையை உடைச்சுக்கிட்டு கரைக்குக் கொண்டு வருவாங்க. ஆணி அடிக்காம, பலகையைக் கயிறால தைச்ச படகு. அலை அடிச்சா உடையாது, வளையும். அந்தப் படகு கூடவே கட்டுமரம் ஒண்ணு ரெண்டு வரும். எதுக்கு? எவராவது தண்ணில விழுந்தா தூக்கறதுக்கு. அதாவது நம்ம கரையில, அலைக்குள்ள ஒருத்தர் போனா அவரைப் பாத்துக்கிட்டு இன்னொருத்தர் இருக்கணும்ங்கறது எழுதாத சட்டம். 2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்துச்சு, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரு. கைதட்டினோம், சந்தோஷம். ஆனா அந்தப் போட்டில கூட பாதுகாப்புக்கு ஆள் இல்லாம ஒருத்தரையும் தண்ணில இறக்க மாட்டாங்க. நாம மட்டும்தான் இறங்குவோம்.

என் சண்டை இப்போ புரியுதா? சர்ஃபிங் போகாதீங்கன்னு நான் சொல்லலை. கயிறு பிடிக்க ஆள் இல்லாம போகாதீங்கன்னு சொல்றேன். அந்தப் பதினோரு கட்டத்துல இல்லாத கட்டம் அதுதான்.

அடுத்து, மூணாவது கோஷ்டி. "இதுக்குத்தான் சொல்றேன், கடல் பக்கமே போகக் கூடாது, தடை போடணும்" கோஷ்டி. ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மெரினாவுல கட்டை கட்டி, கடல்ல கால் நனைக்கக் கூட விடாம போலீஸ் நிப்பாங்க. அந்த ஒரு நாள் கூட்டத்துக்கு அது தேவைதான், ஒத்துக்கறேன். ஆனா மிச்ச 364 நாளுக்கும் நம்ம பதில் கட்டைதானா? ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கரையை வெச்சுக்கிட்டு, அதுல இறங்கக் கத்துக் கொடுக்கவே மாட்டோம், இறங்கினா விசில் மட்டும் அடிப்போம்னா என்ன அர்த்தம்?

2024 மே 6, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துல லெமூர் கடற்கரை. ஒரே அலையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் போயிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல இதை எழுதலை. அன்னிக்கு அடிச்சது கள்ளக்கடல். அந்தப் பேரு ஏன்னு கேளுங்க. நம்ம கரையில காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும். எங்கேயோ தெற்கே இந்தியப் பெருங்கடல் கோடியில அடிச்ச புயல்ல கிளம்பின அலை, நாள்கணக்கா பயணம் பண்ணி, திருடன் மாதிரி சத்தமில்லாம வந்து கரையை அடிக்கும். ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்துச்சு. மீனவங்களுக்கு அது போய்ச் சேரும். டூர் வந்த பசங்களுக்கு யார் சொல்றது? ஐபிஎல் ஸ்கோர் போன்ல தானா வருது, கடல் எச்சரிக்கை வர மாட்டேங்குது. டாக்டருக்குப் படிச்ச பசங்களுக்கே கடலைப் படிக்க நாம சொல்லிக் கொடுக்கலை. குத்தம் யார் மேல?

இன்னொண்ணு. பெசன்ட் நகர் பீச்சுல ஒரு வெள்ளை வளைவு இருக்கே, ஷ்மிட் நினைவுச்சின்னம். அது முன்னாடி நின்னு போட்டோ எடுக்காத ஆள் நம்மள்ல யாராவது உண்டா? அது எதுக்கு நிக்குதுன்னு தெரியுமா? 1930 டிசம்பர் 30 அன்னிக்கு, அதே கடல்ல மூழ்கினவங்களைக் காப்பாத்தப் போய் செத்துப் போன டென்மார்க்காரர் ஒருத்தருக்காக. கிட்டத்தட்ட நூறு வருஷமா ஒரு எச்சரிக்கைப் பலகை அங்க நிக்குது. நாம அதுக்கு முதுகைக் காட்டி சுண்டல் சாப்பிடறோம்.

"எனக்குக் கடலே வேண்டாம்ப்பா, நீச்சல் எதுக்கு"ன்னு சொல்ற எங்க ஏரியாக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கா? முடிச்சூர், வேளச்சேரியில தெருவுல படகு போச்சு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல்? பள்ளிக்கரணை, பெரும்பாக்கத்துல திரும்பவும் படகு. ரெண்டு தடவையும் மீனவங்கதான் படகை எடுத்துக்கிட்டு வந்து நம்ம ஆளுங்களைத் தூக்கினாங்க. சதுப்பு நிலத்தையும் ஏரியையும் தூர்த்து அதுக்கு மேல வீடு வாங்கினவங்க நாம. நாம கடலுக்குப் போகலைன்னாலும் தண்ணி நம்ம வாசலுக்கு வரும். தாம்பரத்துல இருந்து தரமணி வரைக்கும் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் நீச்சல்ங்கறது ஹாபி இல்லை, அது ஹெல்மெட் மாதிரி.

எங்க அப்பா தலைமுறைல கிணத்துல கத்துக்கிட்டாங்க. முதுகுல காஞ்ச சுரைக்குடுக்கையைக் கட்டித் தூக்கிப் போடுவாங்க, மாமாவோ சித்தப்பாவோ பக்கத்துல நிப்பாங்க. இப்போ கிணறு போர்வெல் ஆயிடுச்சு. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரித் தண்ணில கால் வைக்கவே யோசிக்கணும். மிச்சம் இருக்கிறது மாசம் மெயின்டனன்ஸ் கட்டற அபார்ட்மெண்ட் குளம், அதுலயும் குழந்தைங்க ட்யூப் மாட்டி மிதக்குதுங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் கம்ப்யூட்டர் லேப் இருக்கணும்னு கேக்கத் தெரிஞ்ச நமக்கு, நீச்சல் சொல்லிக் கொடுங்கன்னு கேக்கத் தோணலை பாருங்க.

சும்மா திட்டிட்டுப் போனா எப்படி, உருப்படியா ஏதாவது சொல்லுன்னு கேப்பீங்க. சரி, ப்ளான் போடறவங்க ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி:

1. ஒவ்வொருத்தருக்கும் நீச்சல் தெரியுமா? 'ஓரளவு'ன்னா தெரியாதுன்னு அர்த்தம். எதையும் பிடிக்காம பத்து நிமிஷம் ஆழத்துல மிதக்க முடிஞ்சா தெரியும்னு வெச்சுக்கலாம். தெரியாதவங்க இடுப்பளவு தண்ணியில, ஆசிரியர் கை எட்டற தூரத்துல பலகை பழகட்டும். போதும்.

2. எந்த மாசம்? அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். ஜூன், ஜூலைல தெற்கே இருந்து நல்ல அலை வரும், பழகினவங்களுக்கு விருந்து, புதுசா வர்றவங்களுக்கு அடி. ஆபீஸ் லீவு எப்போன்னு பாக்காதீங்க, கடலுக்கு லீவு எப்போன்னு பாருங்க.

3. இன்னிக்கு அலை எப்படி? உயரம் மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க. ரெண்டு அலைக்கு நடுவுல எத்தனை விநாடின்னு பாருங்க. ஆறு விநாடிக்கு ஒரு தடவை வர்ற ஒரு மீட்டர் அலையும், பதினாறு விநாடிக்கு ஒரு தடவை வர்ற ஒரு மீட்டர் அலையும் ஒண்ணு இல்லை. ரெண்டாவது தூரத்துல இருந்து பலத்தோட வர்றது. இன்காய்ஸ் தளத்துல இலவசமா போட்டிருக்காங்க. அதுக்கு மேல, கரையில வலை பிரிக்கிற பெரியவர்கிட்ட "அண்ணே, இன்னிக்கு இறங்கலாமா?"ன்னு கேளுங்க. அவர் வேண்டாம்னா வேண்டாம்தான்.

4. கடல் வெளிய இழுத்தா என்ன பண்ணுவ? கரையைப் பாத்து நீந்திப் போராடினா தோத்துடுவ. பதறாம மிதந்து, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். இது தெரியாத ஆள் முழங்காலுக்கு மேல போகக் கூடாது. கூட வந்தவங்களும் கை கோத்துக்கிட்டு உள்ள ஓடக் கூடாது. மிதக்கிற எதையாவது தூக்கிப் போடுங்க, கரையில இருக்கிறவங்களைக் கத்திக் கூப்பிடுங்க.

5. உன் கயிறு யார் கையில்? சர்ஃபிங்னா காலையும் பலகையையும் கட்டற கயிறு, கூடவே உன்னைப் பாக்க ஒரு ஆள். ஃப்ரீடைவிங்னா முறையா சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர், மேல கண் கொட்டாம ஒரு ஜோடி. ராத்திரி சரக்கு அடிச்சவர், சளி பிடிச்சவர், தூக்கம் இல்லாதவர் தண்ணில இறங்கவும் கூடாது, அடுத்தவர் கயிறைப் பிடிக்கவும் கூடாது. (பார்பெக்யூ சனிக்கிழமை ராத்திரி, ஃப்ரீடைவிங் ஞாயித்துக்கிழமை காலைலன்னு போட்ட புண்ணியவான் யாருய்யா?)

இந்த அஞ்சுக்கும் பதில் இருந்தா தாராளமா போங்க. போய் அலை மேல ஒரு விநாடி நின்னு பாருங்க, கண்டிப்பா நல்லா இருக்கும். நம்ம கடல், நம்ம உரிமை. பயந்து ஒதுங்க வேண்டியது இல்லை. ஆனா ஆயிரம் வருஷமா அதுல இறங்கினவங்க யாருமே தனியா இறங்கலை. அவங்களை விட நாம கெட்டிக்காரங்கன்னு காட்ட கடல் சரியான இடம் இல்லை.

டிஸ்கி 1: நீச்சல் தெரியாத பதிவர்கள் பின்னூட்டத்துல கை தூக்கலாம், வெக்கமே வேண்டாம். தாம்பரம், மேடவாக்கம் பக்கம் பெரியவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற இடம் தெரிஞ்சவங்க எழுதுங்க. பத்து பேர் சேர்ந்தா ஒரு பேட்ச் ஆயிடும். பதிவர் சந்திப்பை அங்கயே வெச்சுக்கலாம் :-)

டிஸ்கி 2: "கல்யாணம் ஆகாதவனுக்கு மச்சான் இல்லையே, கயிறை யார் பிடிப்பா?"ன்னு கேக்கப் போற நண்பருக்கு: அதுவரைக்கும் கரையில உக்காந்து சுண்டல் சாப்பிடவும்.